மூன்றாவது கம்பி



வரலாறு என்றவுடன் நம் உள்ளம் கோட்டைகளையும் கோயில்களையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்கிறது. அவையெல்லாம் வரலாறே, ஐயமில்லை. ஆயினும் நாம் நாள்தோறும் கைவைத்துப் புழங்கும் வீட்டுச் சுவருக்குள்ளும் ஒரு வரலாறு மறைந்து கிடக்கிறது. அதை அண்மையில் என் வீட்டு வாசலிலேயே கண்டேன். அதனைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் என் தந்தையார் 1970-ஆம் ஆண்டில் கட்டிய வீட்டில்தான் நான் இன்றும் வாழ்ந்து வருகிறேன். வாசற்படிக்கு மேலே, சன்ஷேடின் அடியில், அக்காலத்திலேயே பொருத்திய ஒரு மின்விளக்கு உண்டு. என் இளைய மகள் தொழிற்பேட்டையில் பணிபுரிபவள். மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிய அவள், ஒரு நாள் என்னிடம், "அப்பா, அந்த வாசல் விளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துவிட்டால் வண்டிக்குச் சார்ஜ் போடலாமே. கம்பிதான் ஏற்கெனவே வந்திருக்கிறதே!" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. கம்பி இருக்கிறது, அதன் நுனியில் விளக்கு இருந்தால் என்ன, பிளக் இருந்தால் என்ன?

உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரை அழைத்தோம். அவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஏணியில் ஏறி, விளக்கைத் தாங்கியிருந்த வட்டமான மரக்கட்டையைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு, "சார், இங்கே இரண்டு கம்பிதான் இருக்கிறது. எர்த் கம்பியே இல்லை. இதில் பிளக் வைக்கக் கூடாது" என்று சொல்லி இறங்கிவிட்டார். இரண்டு கம்பிதான் இருக்கிறது என்ற அச்சொல் என்னை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோய்விட்டது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில், அந்த மரக்கட்டைக்குள் இரண்டு கம்பிகள் மட்டும் ஏன் வந்தன என்பதைப் பார்ப்போம்.

மின்சாரம் வீட்டுக்குள் நுழைந்தது விளக்காகத்தான். 1879-இல் அமெரிக்காவில் எடிசனும், ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் சுவானும், நின்று எரியும் மின்விளக்கைச் செய்து காட்டினர். 1882-இல் நியூயார்க் நகரின் பெர்ல் தெருவில் எடிசன் நிறுவிய மின்நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் விற்ற பொருள் வெளிச்சமே. மின்சாரத்தை விற்ற நிறுவனங்கள் தம்மை விளக்குக் கம்பெனிகள் என்றே சொல்லிக்கொண்டன. நம் நாட்டிலும் 1897-இல் டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபோங்கில் தோன்றிய நீர்மின் நிலையம் அந்நகரத் தெருவிளக்குகளுக்காகவே எழுந்தது. விளக்குக்கு வேண்டுவன இரண்டு கம்பிகள்: மின்னோட்டம் வர ஒன்று, திரும்ப ஒன்று. மூன்றாவது கம்பியைப் பற்றி எவரும் நினைக்கவில்லை.

ஆனால் மின்சாரம் விளக்கோடு நிற்கவில்லை. இஸ்திரிப் பெட்டி வந்தது, விசிறி வந்தது, அடுப்பு வந்தது. வீடுகளிலோ விளக்கு ஹோல்டரைத் தவிர மின்சாரம் எடுக்க வேறு இடமில்லை. ஆகவே மக்கள் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே கருவிகளை மாட்டலாயினர். 1904-இல் அமெரிக்கரான ஹார்வி ஹப்பெல், விளக்கு ஹோல்டரில் திருகிப் பொருத்தும் ஓர் அடிப்பகுதியும், அதில் செருகி எடுக்கத்தக்க பிளக்கும் கொண்ட கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் பிளக்கின் முன்னோர் அதுவே. விளக்கின் இடத்தில் பிளக் வைக்க வேண்டும் என்ற என் மகளின் எண்ணம் புதியதன்று. பிளக் பிறந்ததே விளக்கின் இடத்தில்தான்.

நம் சென்னையின் கதை சற்று வேறுபட்டது. இந்நகரில் மின்சாரம் முதலில் பெயர்பெற்றது டிராம் வண்டியால். 1895-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னைத் தெருக்களில்தான். பின்னர் 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சென்னை மின்சார வழங்கு நிறுவனம் தோன்றியது. பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கி நகருக்கு வழங்கியது. 1947-இல் அரசு அந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே 1932-இல் நீலகிரியில் பைக்காராவும், 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் நீர்மின் நிலையங்களாக எழுந்துவிட்டன. 1957 ஜூலை முதல் நாளன்று சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. அவ்வாரியம் பின்னர்ப் பல நிறுவனங்களாகப் பிரிந்துவிட்ட போதிலும் மக்கள் இன்னும் மின்வாரியம் என்றே வழங்கி வருகின்றனர்.

மேற்கே உள்ள நம் ஊர்களை எண்ணிப் பாருங்கள். 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இவ்வழியேதான் அரக்கோணத்தை நோக்கிச் சென்றது. இரயில் வந்தும் நூறாண்டுக் காலம் இவை ஏரிகளும் கழனிகளும் சூழ்ந்த ஊர்களாகவே இருந்தன. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வளர்ந்தன. ஆலைகளில் வேலை செய்ய வந்தோர் மனை வாங்கினர். சிறு வீடுகளைக் கட்டினர். அந்த வீடுகளுள் ஒன்றே எங்கள் வீடு.

ஆலைக்குள் மின்சாரம் பேராற்றலாய்ப் பாய்ந்து இயந்திரங்களைச் சுழற்றியது. அங்கே பணிபுரிந்தவரின் வீட்டிலோ அது சில விளக்குகளாக மட்டுமே நுழைந்தது. எங்கள் வீட்டில் கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று, அறையில் ஒன்று, வாசலில் ஒன்று, அவ்வளவே. தேக்குச் சட்டத்தின்மீது சிறு தகட்டுக் கிளிப்புகளால் பற்றவைத்த இரட்டைக் கம்பிகள் சுவரோரம் ஓடும். செம்பு தட்டுப்பாடாயிருந்த அக்காலத்தில் பல வீடுகளுக்கு அலுமினியக் கம்பியே வாய்த்தது. மீட்டருக்கு அருகே வெள்ளைப் பீங்கான் கட்டையில் மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்கும். ஏழை எளியோரின் நிலையோ இன்னும் சுருங்கியது. 1988-ஐ ஒட்டி மத்திய அரசு தொடங்கிய குடிர் ஜோதித் திட்டமே ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு என்னும் அளவில் வகுக்கப்பட்டதுதான். மின்சாரம் என்றால் வெளிச்சம் என்பதே நெடுங்காலம் நம் கணக்கு.

நகரங்கள் பலவற்றில் கட்டணங்கூட அவ்வாறே பிரிந்திருந்தது. விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு கட்டணம். வெப்பக் கருவிக்கும் மோட்டாருக்கும் வேறொரு கட்டணம். அதற்கெனத் தனி மீட்டர். இதனால்தான் இன்றும் நம் மின் பணியாளர் லைட் லைன், பவர் லைன் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றனர். பிளக்கிலும் சிறியது, பெரியது என இரு வகைகள் இன்னும் நிலைத்திருப்பது அப்பிரிவினையின் எச்சமே.

இனி, இரண்டு கம்பி என்ற சொல் என்னை ஏன் உலுக்கியது என்பதைச் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஐப்பசி மாதத்து அடைமழைக் காலம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விசேஷம். வாசலில் பந்தல் போட்டு விருந்தினரை அமர்த்தியிருந்தார்கள். புழுக்கமாயிருந்ததால், வாசல் விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, இரும்பு உடல் கொண்ட மேசை விசிறி ஒன்றை ஓடவிட்டார்கள். சாரல் அடித்தது. விசிறியை உள்ளே தள்ளி வைக்க எண்ணிய ஓர் இளைஞர், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அதனைப் பற்றினார். பற்றிய கையை அவரால் விட முடியவில்லை. ஒருவர் ஓடிச்சென்று மெயினை அணைக்குமுன் அவர் உயிர் பிரிந்துவிட்டது. அன்று மாலை என் தந்தையார் என்னிடம், "ஃபியூஸ் போகவே இல்லையடா" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் ஆசிரியனாகிப் பாடம் சொன்னபோதுதான் விளங்கியது.

ஃபியூஸ் கம்பியைக் காக்கும், மனிதனைக் காக்காது. 5 ஆம்பியர் ஃபியூஸ், அதனினும் மிகுந்த மின்னோட்டம் ஓடினால்தான் உருகும். மனிதன் இறப்பதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கும் வேண்டுவதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், மின்னோட்டம் மனித உடலில் என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பற்றிய பொருளை விட்டுவிட இயலும் எல்லை, சராசரியாக ஆடவர்க்கு 16 மில்லி ஆம்பியர், பெண்டிர்க்கு ஏறத்தாழ 10.5 மில்லி ஆம்பியர் என்று அவர் கண்டார். அந்த எல்லையைத் தாண்டினால் தசை இறுகிக் கை விலகாது. அந்த இளைஞர் உடலினூடே ஓடியது ஃபியூஸின் கணக்கில் மிக அற்பம். இதயத்தின் கணக்கில் மரணம்.

இங்கேதான் மூன்றாவது கம்பி வருகிறது. அது மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கு உரியதன்று. கருவியின் உலோக உடலை மண்ணோடு இணைப்பதற்கு உரியது. அதனையே எர்த் என்கிறோம். உள்ளே காப்பு கிழிந்து மின்சாரம் உலோக உடலில் ஏறிவிட்டால், அது மனிதனுக்காகக் காத்திராமல் இந்தக் கம்பி வழியே மண்ணுக்குப் பாயும்; பெருமின்னோட்டமாகப் பாய்ந்தால் ஃபியூஸும் உருகிவிடும். 1934-இல் இங்கிலாந்தில் வகுத்த பி.எஸ். 546 என்னும் தரநிர்ணயமே நம் நாட்டு வட்டமுனைப் பிளக்குகளுக்கு மூலம். அவற்றின் மூன்றாவது முனையைக் கவனித்திருக்கிறீர்களா? மற்ற இரண்டைவிடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். பருமன், தவறான துளையில் நுழையாமைக்கு. நீளம், செருகும்போது எர்த் முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது இறுதியில் பிரிய வேண்டும் என்பதற்கு. உயிரின் மதிப்பை உணர்ந்தவர் செய்த ஏற்பாடு அது. 1956-இல் வந்த இந்திய மின்சார விதிகளும் நிலத்தொடர்பைச் சட்டமாக்கின.

ஆயினும் சட்டம் வந்த ஆண்டும் கம்பி வந்த ஆண்டும் ஒன்றல்ல. எங்கள் வீடு அவ்விதிகளுக்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னர் எழுந்தது. அப்படியிருந்தும் வாசல் விளக்குக்கு இரண்டு கம்பிகளே வந்தன. ஏனெனில் விளக்குக்கு அவை போதும். நாம்தாம் விளக்குக்குத் தந்ததைப் பிறிதொன்றுக்குக் கேட்கிறோம்.

"எர்த் இல்லாவிட்டால் போகட்டும், அந்தக் கம்பி ஸ்கூட்டர் சார்ஜரைத் தாங்காதா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் 40 வாட் பல்பு ஏறத்தாழ 0.17 ஆம்பியர் வாங்கும். 800 வாட் சார்ஜர் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் வாங்கும். மின்னோட்டம் 20 மடங்கு. 1841-இல் ஜூல் வெளியிட்ட விதிப்படி, கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வெப்பம் 20 மடங்கன்று, 400 மடங்கு. நல்ல செம்புக் கம்பி அதனையும் தாங்கிவிடும். ஐம்பது ஆண்டுப் பழைய அலுமினியக் கம்பியின் தளர்ந்த இணைப்பு தாங்குமா? அதுவும் இரவு முழுதும், வீட்டார் உறங்கும் வேளையில்? மேலும், விளக்கு ஹோல்டர் ஒரு பல்பை மட்டுமே ஏற்கும். பிளக்கோ எதையும் ஏற்கும் திறந்த வாயில். இன்று சார்ஜர், நாளை தண்ணீர் சூடாக்கும் கருவி, மறுநாள் துளையிடும் இயந்திரம். வைத்தவர் ஒன்றை நினைத்து வைப்பார். வந்தவர் வேறொன்றை மாட்டுவார்.

வெளிப்புறத்துப் பிளக்குக்கு இன்னொரு பகையும் உண்டு, அது நீர். நம் பகுதியின் மழையை நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அடையாற்றில் பெருகியதையும், அம்மழையில் மேற்குப் புறநகர்த் தெருக்கள் குளங்களானதையும் நீங்களே கண்டிருப்பீர்கள். ஈரக்காலும் வெளிப்பிளக்கும் சேருமிடத்தில் எர்த் ஒன்றே போதாது. எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டுக் குழாயைப் பதிப்பது நம் வழக்கம். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் அதன் ஆற்றல் குன்றிவிடும்.

இக்குறையை நீக்கவே இன்னொரு காவற்கருவி தோன்றியது. சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது இடையறாது ஒப்பிட்டுப் பார்க்கிறது. கடன் கொடுத்தவன் வரவையும் செலவையும் சரிபார்ப்பதைப் போல, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது எவர் உடல் வழியோ மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பை அறுத்துவிடுகிறது. நம் மின் பணியாளர் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். மேலே சொன்ன டால்சீலே 1961-இல் இவ்வகைக் கருவி ஒன்றை உருவாக்கினார். அமெரிக்க மின்விதித் தொகுப்பு 1973 முதல் வீடுகளின் வெளிப்புறப் பிளக்குகளுக்கு இத்தகைய காவலை வேண்டியது. முதலில் இக்காவலைப் பெற்றவற்றுள் வெளிப்புறப் பிளக்கும் ஒன்று என்பதைக் கருதுங்கள். ஈரமும் மின்சாரமும் சந்திக்கும் இடம் அது. நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிகள், சிறிய இணைப்புகள் நீங்கலாக ஏனைய மின் அமைப்புகளுக்குக் கசிவுக் காவற்கருவியைக் கட்டாயமாக்கின.

எங்கள் வீட்டில் இறுதியாக என்ன செய்தோம்? வாசல் விளக்கைக் கழற்றவில்லை. மெயின் பலகையிலிருந்து மூன்று செம்புக் கம்பிகளைப் புதிதாகக் குழாய்க்குள் இழுத்தோம். அவற்றுக்கென்று தனி எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தினோம். எர்த் குழியைப் புதுப்பித்தோம். மூடியுள்ள, மழை புகாத பெட்டியில் பிளக்கை அமைத்தோம். 2015-இல் எங்கள் சுவரில் நீர் ஏறி நின்ற அடையாளம் இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் பெட்டியை வைத்தோம். செலவு சற்றுக் கூடுதல்தான். மகள் முதலில் முகம் சுளித்தாள். அந்த ஐப்பசி மாலையைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. இன்று அவளே மாதந்தோறும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறாள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு இருக்கும். அதனைக் கழற்றிப் பார்க்க ஏணி எடுக்காதீர்கள். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கக்கூடும். பழைய வீடுகளில் ஸ்விட்சைத் தவறான கம்பியில் வைத்திருப்பதுண்டு. அது உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் வீட்டுப் பிளக்குகளுக்கு மூன்றாவது கம்பி வருகிறதா? எர்த் குழி எங்கே இருக்கிறது? ஆர்.சி.சி.பி. உண்டா? விடை தெரியாத வீடுகள் நம் ஊர்களில் மிகப் பல. நீங்கள் கேட்கும் கேள்வி ஓர் உயிரைக் காத்தாலும் காக்கலாம்.

ஒளிக்காக வந்த மின்சாரம் இன்று நம் வண்டியை ஓட்டுகிறது, நீரை இறைக்கிறது, உணவைக் காக்கிறது. அதற்கு நாம் தர வேண்டிய மரியாதை, விளக்கின் கம்பியையே எல்லாவற்றுக்கும் போதுமென்று கொள்ளாமைதான். பழையதன்மீது புதியதை ஏற்றுமுன், பழையது எதற்காக அமைந்தது என்று கேட்கும் பழக்கமே வரலாற்றறிவு. என் வாசலில் இப்போது விளக்கும் எரிகிறது. அதன் அருகே பிளக்கும் இருக்கிறது. அந்த இளைஞருக்கு அன்று கிடைக்காத மூன்றாவது கம்பி, சுவருக்குள் ஓசையின்றிக் காவல் நிற்கிறது.